மந்திரக் கவசமும் மெய்க் கவசமும்

ஆமைக்கு ஓடும் அழுங்குக்குச் செதிலும் அளித்த இயற்கை, மனிதனை வெறுந் தோலோடு விட்டுவிட்டது. அத்தோலின்மேல் அவன் தானே தேடிப் போர்த்துக்கொண்ட காப்புகள் இருவகைப்படும். ஒன்று, கையாற் செய்து கண்ணாற் கண்டு சோதித்துக்கொண்ட கவசம். மற்றொன்று, வேண்டும் என்னும் ஆசையினாலேயே உண்டு என்று நம்பிக்கொண்ட கவசம். வாளும் வேலும் ஆண்ட காலத்தில் இவ்விரண்டும் ஒரே வீரனது உடம்பில் சண்டையின்றி வாழ்ந்தன. துப்பாக்கி வந்தது, எது மெய், எது பொய் என்னும் வழக்கும் உடன் வந்தது. அவ்வழக்கின் வரலாற்றையே இங்கு ஆராயப் புகுகின்றோம். காவல் நிலையங்களிலும் வாயிற்காவலிலும் நிற்கும் நம் பிள்ளைகளின் உயிர் இவ்வழக்கில் அடங்கியிருத்தலின், இதனை வெறும் பழங்கதை என்று அன்பர்கள் தள்ளிவிடலாகாது.

தமிழர்க்குக் கவசம் புதிதன்று. பதிற்றுப்பத்தில் சேர மன்னரைப் புலவர்கள் 'மெய்ம்மறை' என்று அழைக்கின்றனர். மெய்யை மறைப்பது மெய்ம்மறை. படைவீரர்க்கு முன்னே நின்று அவர்மேல் வரும் தாக்குதலைத் தான் ஏற்பவன் என்பது கருத்து. கர்ணன் கதையில் கவசம் பிறவியோடு வருகிறது. தேவர்கோன் இரந்து பெறுமளவும் அவனை வெல்வாரில்லை. அதற்கும் பின்னர்க் கவசம் என்னும் சொல் பாட்டுக்கே பெயராயிற்று. கந்தர் சஷ்டி கவசத்தில் தலை முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்கவேண்டும் என்னும் வேண்டுதலைக் காண்கிறோம். பத்தியைப் பழிப்பது நம் நோக்கமன்று. மனத்திற்கு அமைதி தருவதை மனத்தளவில் வைத்துக்கொள்வோரோடு நமக்கு வழக்கில்லை. அதனை மார்புக்குத் தகடாகக் கொண்டு பகைவன்முன் நிற்பதே நாம் மறுக்கும் பிழை. அப்பிழையை முதலாகப் போட்டுத்தான் தாயத்து வாணிகமும் மந்திரக் கயிற்று வாணிகமும் இன்றும் நடைபெறுகின்றன.

மைசூர் அரசன் திப்புவின் முடிவை நோக்குவோம். இரும்புக் குழாய் ஏவுகணைகளைப் படையிற் பெருக வழங்கி ஆங்கிலேயரை நடுங்கவைத்த அறிவாளி அவன். 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தபோது, பிணக்குவியலின் நடுவே கிடைத்த அவனது உடலில், பூவேலைப் பட்டில் தைத்துக் கையிற் கட்டிய தாயத்து ஒன்று காணப்பட்டது. குண்டு அவன் தலையில் பாய்ந்திருந்தது. ஏவுகணையைச் சோதித்துப் பார்த்த அவ்வரசன் தாயத்தைச் சோதித்துப் பார்த்தானில்லை.

இம்மயக்கம் எந்த ஒரு சாதிக்கோ சமயத்திற்கோ தனியுரிமை அன்று. 1900-இல் சீன நாட்டில் அந்நியரை எதிர்த்தெழுந்த 'பாக்ஸர்' கூட்டத்தார், சடங்காலும் மூச்சுப் பயிற்சியாலும் தம் உடம்பில் குண்டு ஏறாது என்று நம்பினர். 1905 முதல் 1907 வரை கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரை எதிர்த்த மக்கள், மந்திர நீரைத் தெளித்துக்கொண்டால் குண்டுகள் தண்ணீராகிவிடும் என்று நம்பியே படை திரண்டனர். 'மாஜி' என்னும் தண்ணீர்ச் சொல்லே அப்போருக்குப் பெயராயிற்று. அவர்கள் கொண்ட குறை நியாயமானது, வீரமும் மெய்யானது. கவசம் ஒன்றுதான் பொய். அந்தப் பொய்க்குப் பல்லாயிரவர் உயிர் விலையாயிற்று. மலாய் மொழியிலும் ஆயுதம் ஏறாத உடம்பைக் குறிக்கக் 'கெபல்' என்றொரு சொல் பழமையாய் வழங்குகிறது.

இனி நம் பினாங்குக்கு வருவோம். மலேசியக் காவற் படையார் ஆண்டுதோறும் மார்ச் 25-ஆம் நாளைத் தம் நாளாகக் கொண்டாடுவதை அன்பர்கள் அறிவர். 1807-இல் அந்நாளிலேதான் பினாங்குக்கு நீதிப் பட்டயம் வழங்கப்பெற்றது. ஆகவே இந்நாட்டுக் காவற் படை தன் வயதை எண்ணத் தொடங்குவது நம் ஜார்ஜ் டவுனிலிருந்தே என்க. அந்தக் காவலர்க்கு வந்த கடுஞ் சோதனைகளுள் ஒன்று 1867 ஆகஸ்டு மாதத்துக் கலகம். கீ ஹின் சங்கத்தாரும் வெள்ளைக் கொடியாரும் ஒருபுறம், துவா பெக் கோங் சங்கத்தாரும் சிவப்புக் கொடியாரும் மறுபுறம் நின்று நாட்கணக்கில் தெருக்களைப் போர்க்களமாக்கினர். ஆச்சின் தெருப் பள்ளிவாசலின் மினாராவில் காணும் வட்டத் துளையைப் பீரங்கிக் குண்டு பட்ட இடம் என்று ஊரார் காட்டுவர். பீரங்கியின் பெயர் ஒரு தெருவுக்கே நிலைத்துவிட்டது. அக்காலத்தில் தெருவிற் காவல் நின்றவனுக்கும் குண்டுக்கும் இடையே இருந்தது சீருடைத் துணி ஒன்றே. உலகின் எந்தக் காவலனுக்கும் அன்று அதற்குமேல் இருந்ததில்லை.

அக்கலகம் பழங்காலத்தது என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. 2000 ஜூலையில், நமக்கு அண்டையிலுள்ள பேராக் மாநிலத்தில், அல்-மாவுனா என்னும் கூட்டத்தார் படையதிகாரிகள்போல் வேடமிட்டுக் கிரிக் வட்டாரத்துப் படைமுகாம்களிற் புகுந்து, நூற்றுக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைக் கவர்ந்துகொண்டு சவுக் ஊரருகே புக்கிட் ஜெனாலிக் குன்றில் ஏறினர். உள்ளாற்றலும் ஆயுதம் ஏறா உடம்பும் பயிற்சியால் வரும் என்று போதித்த கூட்டம் அது. அவர்கள் கையில் பிணையாகச் சிக்கியவருள் ஒருவர் ஆர். சகாதேவன் என்னும் தமிழ்க் காவலர். மற்றொருவர் சரவாக்கைச் சேர்ந்த மேத்யூ மேடான் என்னும் படைவீரர். இருவரையும் அக்கூட்டத்தார் கொன்றனர். சில நாட்களில் முற்றுகை முடிந்தது. ஆயுதம் ஏறாது என்ற அக்கூட்டத்தாரிலேயே ஒருவர் குண்டுபட்டு மாண்டார். அவர்தம் தலைவர் நீதிமன்றத்தாற் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு 2006-இல் தூக்கிலிடப்பட்டார்.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்கலாகாது. கைப்பிடியில் அகப்பட்டவரைக் குண்டு புகா உடையும் காத்திராது. ஆயினும் சவுக் நிகழ்ச்சி ஒன்றைத் தெளிவாய்க் காட்டுகிறது. பொய்க் கவசம் பூண்டவனுக்குத் தன் உயிரைப்பற்றிய அச்சம் போகிறது. அச்சம் போகவே பிறர் உயிரைப்பற்றிய எண்ணமும் போகிறது. தாயத்தால் யாருக்கு என்ன கெடுதல், கட்டிக்கொண்டால் கட்டிக்கொள்ளட்டுமே என்று நம்மிற் பலர் சொல்வதுண்டு. அவர்க்கு விடை புக்கிட் ஜெனாலிக்கில் இருக்கிறது.

பொய்க் கவசத்தின் கதை இவ்வாறாக, மெய்க் கவசத்தின் கதையோ வேறு வழியாய் நடந்தது. அதன் முதற் பாடங்களுள் ஒன்றைத் தந்தவன் ஒரு கொள்ளைக்காரன். 1880 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவில் கிளென்ரோவன் என்னும் சிற்றூரில், நெட் கெல்லி என்பவன் உழுகலப்பைத் தகடுகளை அடித்துச் செய்த இரும்புச் சட்டை பூண்டு போலீசாரை எதிர்த்தான். அதன் எடை 40 கிலோவுக்கு மேல். மார்பிற் பட்ட குண்டுகள் தெறித்தன. போலீசார் கவசமில்லாத கால்களைச் சுட்டனர், அவன் வீழ்ந்தான். தகடு குண்டைத் தடுக்கும். ஆனால் தகடு இருக்கும் இடத்தில் மட்டுமே தடுக்கும். இந்தப் பாடம் இன்றளவும் மாறவில்லை.

இரும்பைச் சுமந்து நாள்முழுதும் ரோந்து சுற்ற எந்தக் காவலனால் இயலும்? மெல்லிய பொருள் வேண்டும். 1881-இல் அமெரிக்காவில் டூம்ஸ்டோன் என்னும் ஊரில் சுடப்பட்டு இறந்த ஒருவனை ஜார்ஜ் குட்பெலோ என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். குண்டு உடம்பினுள் ஆழச் சென்றிருந்தது. அதனோடு உள்ளே சென்ற பட்டுக் கைக்குட்டையோ கிழியாமல் இருந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளைத் தொகுத்து அவர் 1887-இல் கட்டுரையாக வெளியிட்டார். சிகாகோ நகரத் தலைவர் 1893-இற் சுட்டுக்கொல்லப்பட்ட பின், அந்நகரிலிருந்த காசிமிர் ஸெக்லன் என்னும் போலந்துப் பாதிரியார் பட்டிழையை நெருக்கி நெய்து மார்புடை செய்து, 1897-இற் காப்புரிமை பெற்று, பலர் காணச் சுடுவித்துக் காட்டினார். அவர் பாதிரியார், செபத்தில் நம்பிக்கை உடையவர். எனினும் குண்டைச் செபத்தால் தடுப்பேன் என்று அவர் சொல்லவில்லை. நூலை எண்ணினார், நெசவை மாற்றினார், சுட்டுப் பார்த்தார். சமயமும் பகுத்தறிவும் ஒருவரிடத்தே எவ்வாறு இடமறிந்து வாழலாம் என்பதற்கு இவரே நல்ல சான்று.

ஆயினும் பட்டு விலைமிக்கது; வேகமான குண்டை அது தாங்குவதுமில்லை. விடை வந்தது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து. ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த மக்கள் இதனைக் கேட்டு வியப்பர்: அது மோட்டார் டயருக்கான ஆராய்ச்சி. எடை குறைந்த டயர்களுக்கு எஃகுக் கம்பிக்குப் பதிலாக வலிய நூலிழை ஒன்றை டூப்பாண்ட் நிறுவனம் தேடிக்கொண்டிருந்தது. அங்குப் பணிபுரிந்த ஸ்டெபனி குவோலக் என்னும் இரசாயன அறிஞர், 1965-இற் கலங்கிய நீர்போன்ற கரைசல் ஒன்றைப் பெற்றார். வழக்கமான கரைசல்போல் அது தெளிவாகவும் கொழகொழப்பாகவும் இல்லை, வேறொருவர் கொட்டிவிட்டிருப்பார். நூற்பு இயந்திரத்தைக் கவனித்தவரும் துளைகள் அடைபடும் என்று அஞ்சித் தயங்கினார். அம்மையார் விடாது வற்புறுத்தி நூற்கச் செய்தார். வந்த இழை எடைக்கு எடை எஃகினும் ஐந்து மடங்கு வலியதாயிருந்தது. அதற்குக் கெவ்லார் என்று பெயரிட்டனர். பெண்ணுக்கு அடுப்படியே உலகம் என்று இன்றும் பேசுவோர், ஆயிரக்கணக்கான ஆண்களின் உயிரைக் காத்த இந்நூலை நூற்பித்தவர் ஒரு பெண் என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

டயருக்கென வந்த நூலைக் காவலனின் மார்புக்குக் கொண்டுவந்தவர், அமெரிக்க அரசின் நீதித்துறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்த லெஸ்டர் ஷூபின். 1975-இல் பதினைந்து நகரங்களின் காவலர்க்கு ஐயாயிரம் உடைகள் கொடுத்துச் சோதனை நடத்தினர். அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று சியாட்டில் நகரக் காவலர் ஒருவர், கடையிற் புகுந்த கொள்ளைக்காரனால் மிக அருகிலிருந்து சுடப்பட்டும் அவ்வுடையால் உயிர் பிழைத்தார். அன்றிலிருந்து அந்நாட்டில் இத்தகைய உடையாற் பிழைத்தவராகப் பதிவு செய்யப்பட்ட காவலர் மூவாயிரத்திற்கு மேற்பட்டவர்.

இவ்வுடை குண்டை எவ்வாறு தடுக்கிறது? தோட்டத்துத் திடலிற் பந்தாடுவோர் அறிவர்: வேகமாய் உதைத்த பந்து கோல் வலையில் விழுந்தால், பட்ட ஒரு கண்ணி மட்டுமன்றி வலை முழுதும் பின்வாங்கிப் பந்தின் வேகத்தைப் பங்கிட்டு உண்டுவிடுகிறது. கெவ்லார்த் துணியின் பல அடுக்குகளும் அவ்வாறே. கைத்துப்பாக்கிக் குண்டு முன் அடுக்குகளில் முனை மழுங்கிக் காளான்போல் விரிகிறது. விரிய விரிய மேலும் பல இழைகள் அதைப் பற்றுகின்றன. ஒரு புள்ளியிற் பாய இருந்த வேகம் மார்பின் பரப்பெங்கும் சிதறுகிறது. குண்டு நின்றாலும் அதன் இடி உடம்புக்கு வந்தே தீரும். ஆகையால் சோதனைச்சாலையில் உடைக்குப் பின்னே களிமண்ணை வைத்துச் சுட்டு, களிமண்ணில் விழும் குழியின் ஆழத்தை அளக்கின்றனர். அமெரிக்க அளவையின்படி 44 மில்லிமீட்டருக்கு மேற் குழிந்தால் அவ்வுடை தேறாது. நீண்ட துப்பாக்கியின் குண்டோ அதனினும் மிக்க வேகமுடையது. மெல்லிய துணியை ஊடுருவும். அதற்குச் சுட்ட பீங்கான்போன்ற கடுந்தகட்டை முன்னே வைக்கவேண்டும். தகடு தான் உடைந்து குண்டின் முனையையும் உடைக்க, பின்னுள்ள அடுக்கு அச்சில்லுகளை ஏந்திக்கொள்ளும்.

கண்டீரோ வேற்றுமையை? தாயத்து விற்பவன் எல்லாவற்றையும் தடுக்கும் என்கிறான். கவசம் செய்பவனோ எந்தக் குண்டைத் தடுக்கும், எதைத் தடுக்காது, எத்தனை ஆண்டு தாங்கும் என்று அதன்மேலேயே எழுதி ஒட்டுகிறான். தன் எல்லையைத் தானே சொல்லுவது மெய்யின் இலக்கணம்.

எல்லையை மறந்தால் மெய்க் கவசமும் தாயத்தாகிவிடும். 2008 நவம்பர் 26 இரவில் பம்பாய் நகரம் தாக்குண்டபோது, பயங்கரவாத எதிர்ப்புப் படைத் தலைவர் ஹேமந்த் கர்க்கரே கவசம் அணிவதைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. சிறிது நேரத்தில் காமா மருத்துவமனை அருகே, அசோக் காம்டே, விஜய் சாலஸ்கர் ஆகியோருடன் அவரும் சுடப்பட்டு மாண்டார். எதிரிகள் கையில் இருந்தவை நீண்ட துப்பாக்கிகள். கழுத்தையும் தோளையும் ஒட்டிக் குண்டுகள் பாய்ந்தன என்று பிரேத பரிசோதனை பற்றிய செய்திகள் கூறின. கவசத்தின் தரத்தைப்பற்றியும் கேள்வி எழுந்தது. அவர் மனைவி கவிதா கர்க்கரே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டபோது, அக்கவசத்தைக் காணோம் என்ற விடையே கிடைத்தது. காணாமற்போன கவசத்தை யார் சோதிப்பது? அந்த அம்மையார் கேட்ட கேள்வி ஒரு கைம்பெண்ணின் புலம்பலன்று. குடிமக்கள் யாவரும் சர்க்காரைக் கேட்கவேண்டிய கேள்வி.

அதே இரவிற் கிர்காவ்ம் கடற்கரையில் துக்காராம் ஓம்பளே என்னும் காவலர், கையில் தடி ஒன்றே உடையவராய், கொலையாளி கசாப்பின் துப்பாக்கிக் குழாயை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். குண்டுகளை எல்லாம் தாம் ஏற்றார், தோழர்கள் பிழைத்தனர், கசாப் உயிரோடு பிடிபட்டான். சங்கப் புலவர் மன்னர்க்கு உரைத்த மெய்ம்மறை என்னும் பெயருக்கு இவரினும் உரியவர் யார்? ஆனால் ஒன்று சொல்லுவோம். தடி பிடித்த காவலனின் உடம்பே கவசமாக வேண்டிய நிலை அவனுக்குப் புகழாகலாம். அவனை அனுப்பியவர்க்கு அது பழியே.

மற்றோர் எல்லை நம் நாட்டுக்கு மிக நெருங்கியது. அமெரிக்காவில் ரிச்சர்ட் டேவிஸ் என்பவர் கவசம் பூண்டு தம் மார்பில் தாமே பன்முறை சுட்டுக்காட்டி வாணிகம் வளர்த்தவர். அவர் நிறுவனமே பின்னர் ஸைலான் என்னும் புது நூலாற் செய்த உடைகளை விற்றது. 2003-இற் பென்சில்வேனியாவில் ஒரு காவலரின் ஸைலான் உடையைக் குண்டு ஊடுருவி அவரைப் படுகாயப்படுத்திற்று. வெப்பமும் ஈரமும் அந்நூலின் வலிமையைத் தின்றுவிடுகின்றன என்பது ஆராய்ச்சியில் வெளிப்பட, 2005-இல் அமெரிக்க அரசு அதற்களித்த ஒப்புதலை நீக்கியது. நேற்றைய சோதனை இன்றைக்குச் சான்றாகாது. வெயிலும் மழையும் ஓயாத பினாங்குப் போன்ற ஊரில், வாங்கிய கவசத்தை அலமாரியில் வைத்துப் பூசிப்பது போதாது. காலந்தோறும் அளந்து பார்க்கவேண்டும். 2024 மே 17 அன்று ஜொகூர் உலு திராம் காவல் நிலையத்தில் வெட்டுக்கத்தியோடு புகுந்தவனால் காவலர் இருவர் உயிரிழந்தனர். பறித்த துப்பாக்கியும் அத்தாக்குதலில் வெடித்தது. குண்டைத் தடுக்கும் துணி கத்தியைத் தடுக்கும் என்று கொள்வதற்கில்லை. இரண்டுக்கும் சோதனை வெவ்வேறு.

போலீசாருக்குக் கவசம் என்று நாம் எழுதுவதைக் கண்டு, துப்பாக்கி நம்மை நோக்கித் திரும்பிய நாளை மறந்தீரோ என்று தோட்டத்துப் பெரியவர் சிலர் கேட்கக்கூடும். மறக்கவில்லை. 1941-இற் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்த நம் தொழிலாளர்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்ததும், உயிர்கள் மாண்டதும் நம் மக்கள் வரலாற்றில் அழியா எழுத்து. அதனாலேயே சொல்லுகிறோம்: தன் மார்புக்குக் காப்பிருக்கிறது என்று அறிந்த காவலனுக்கு, அச்சத்தால் முந்திச் சுட வேண்டிய காரணம் குறைகிறது. கவசம் பூண்டவனிடம் மிகுந்த பொறுமையை எதிர்பார்க்கக் குடிகளுக்கு உரிமையுண்டு. கவசத்தைக் கொடுப்பதும் அவ்வுரிமையைக் கேட்பதும் ஒருசேர நிகழவேண்டும்.

இதனை நம் தோட்ட வாழ்வுக்கும் பொருத்திப் பார்ப்போம். தோட்டத்துக் கிராணி வேலையில் ஆண்டுகள் கழித்த நமக்கு, மருந்தடிக்கும் பெண்கள் மூக்கில் ஈரத்துணியும் இடுப்பில் மந்திரக் கயிறும் கட்டிப் புறப்பட்ட காட்சி அந்நியமன்று. பாராகுவாட் என்னும் நச்சுக் களைக்கொல்லி இந்நாட்டில் 2020 ஜனவரியில்தான் தடை செய்யப்பட்டது. அதுவரையில் அத்துணி எதைத் தடுத்தது, கயிறு எதைத் தடுத்தது என்று அளந்து பார்த்தவர் எத்தனை பேர்? குண்டானாலும் நஞ்சானாலும் உடம்புக்கு வருவது ஒன்றே. அதன்முன் வைக்கும் காப்பை நாம் கேட்கவேண்டிய கேள்விகளும் ஒன்றே: இது சோதிக்கப்பட்டதா? எதைத் தடுக்காது? முன்னே நிற்பவன் உடம்பில் இது இருக்கிறதா, அல்லது மேலதிகாரியின் அலமாரியில் இருக்கிறதா?

பிள்ளை போலீசிற் சேர்ந்தான் என்றால் கோயிலுக்குச் சென்று கயிறு கட்டிவரும் தாய்மாரை நாம் எள்ளமாட்டோம். அக்கயிற்றில் அன்பு இருக்கிறது. ஆனால் அன்பு குண்டைத் தடுப்பதில்லை. அந்த அன்பு மெய்யானதாயின், அவனுக்குக் கொடுத்த கவசம் எத்தனை ஆண்டுப் பழையது, அது யாரால் அளக்கப்பட்டது என்று கேட்கும் துணிவாக அது வளரட்டும். ஜாகாவுக்கு நிற்கும் தகப்பனுக்காகவும் அதே கேள்வி எழட்டும். தாய்மார் கேட்கத் தொடங்கிய நாளில், தாயத்துக்காரன் கடையும் அடைபடும். சோதியாத கவசத்தை வாங்கிக் குவிக்கும் அதிகாரியின் தூக்கமும் கலையும்.